கல்லில் அறம் எழுதிய அச்சணந்தி அடிகள்

கொடைக்கானலுக்கு மேற்கே, பூம்பாறை, மன்னவனூர், பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் கிளாவரை என்னும் மலைச்சிற்றூர் வரும். அதற்கு வடக்கே, பழனிமலைத் தொடரின் அடிவாரச் சமவெளியில் ஐவர்மலை நிற்கிறது. தெற்கே மலையிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் உள்ளது. தொடரின் இருபுறத்தும் அமைந்த இவ்விரு தலங்களிலும் தீர்த்தங்கரர் திருமேனிகள் பாறையிற் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் வட்டெழுத்தில் ஒரே துறவியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அவரே அச்சணந்தி அடிகள்.

ஆரியநந்தி என்னும் வடமொழிப் பெயர் பிராகிருதத்தில் அஜ்ஜநந்தி என்றும் தமிழில் அச்சணந்தி என்றும் வழங்கிற்று. சீவக சிந்தாமணியில் சீவகனுக்குக் கலைகள் கற்பித்த ஆசானின் பெயரும் அச்சணந்தியே. அவர் காப்பிய மாந்தர். இவரோ 9ஆம் நூற்றாண்டை ஒட்டித் தமிழ்நாட்டு மலைகளில் அறப்பணி ஆற்றிய துறவி.

அக்காலம் சமணத்திற்கு எளிய காலமன்று. 7ஆம் நூற்றாண்டில் எழுந்த பக்தி இயக்கத்தால் பாண்டிய நாட்டில் சமணப்பள்ளிகளின் செல்வாக்குக் குறைந்திருந்தது. இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னர் மறுமலர்ச்சி தோன்றியது. சீமாறன் சீவல்லபன் ஆட்சியில் இளங்கௌதமர் என்னும் மதுரை ஆசிரியர் சித்தன்னவாசல் குடைவரையைப் புதுப்பித்தார். அதே மறுமலர்ச்சியில் அச்சணந்தியின் பணி மிக விரிந்த பரப்பில் நடந்தது.

மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம், கீழக்குயில்குடிச் சமணர்மலை, தெற்கே ஏர்வாடி, குமரி மாவட்டத்துச் சிதறால் ஆகிய இடங்களிலும் அவர் பெயர் கல்லில் உள்ளது. முந்தைய நூற்றாண்டுகளில் முனிவர்கள் தங்கித் தவம் புரிந்த குகைத்தளங்கள் இவற்றுட் பல. ஊர்தி ஏறாது நடந்தே செல்வது சமண முனிவர் நெறி. அந்நெறியில் நின்ற ஒருவரின் பெயர் பழனிமலை அடிவாரம் முதல் குமரி வரை பரவியிருப்பது அவர் பணியின் அளவை உணர்த்தும்.

பல இடங்களில் அப்பொறிப்பு மிகச் சிறியது. திருமேனி அச்சணந்தியின் செயல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பிறந்த ஊரும் ஆண்டும் கூறப்படவில்லை, புகழ்மொழியும் இல்லை. ஆயினும் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில் ஓர் உறவு பதிவாகியுள்ளது. அங்குள்ள திருமேனி ஒன்றைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார். இல்லம் துறந்த மகனின் அறப்பணியில் தாயும் தம் பங்கைச் செலுத்தினார். மகனின் பெயரோடு சேர்ந்து அவர் பெயரும் நிலைத்தது.

ஐவர்மலையில் அச்சணந்தியின் பெயரோடு இந்திரசேனர், மல்லிசேனர் முதலியோரின் பெயர்களும் உள்ளன. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் இப்பணியில் ஈடுபட்டனர். அம்மலையின் பெருங்கல்வெட்டு சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஐச் சார்ந்தது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் துறவி ஒருவரின் உணவிற்கும் 505 காணம் பொன் அளித்த செய்தியை அது கூறுகிறது. அவ்வாண்டு வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு எனவும் அதிற் குறிக்கப்பட்டிருப்பதால், அவன் அரியணை ஏறியது 862ஐ ஒட்டி என வரலாற்றாசிரியர் கணித்தனர். பாண்டியர் கால வரிசைக்கே ஒரு சமணப்பள்ளியின் கல் ஊன்றுகோலாயிற்று.

அதே ஆண்டுகளில் கருநாடகப் பகுதியை ஜினபக்தனான இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆண்டான். சீனத்தில் 868இல் அச்சிடப்பட்ட வச்சிர சூத்திரச் சுருளே, ஆண்டு குறிக்கப்பட்டு இன்றுவரை எஞ்சிய அச்சுநூல்களில் மிகப் பழையது. இங்கிலாந்தில் 871இல் ஆல்பிரட் அரசனானான். உலகின் பல மூலைகளில் அறமும் ஆட்சியும் எழுத்தில் ஏறிய அந்நாளில், தமிழ் மலைகளிலும் வட்டெழுத்து அப்பணியைச் செய்தது.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்திருமேனிகள் எஞ்சியுள்ளன. ஐவர்மலையைப் பாண்டவர் ஐவரோடு தொடர்புபடுத்தி மக்கள் போற்றுகின்றனர். உத்தமபாளையத்துப் பாறை கருப்பசாமியின் பெயரால் அறியப்படுகிறது. வேறு பெயரில் வணங்கிய அயலாரும் இக்கற்களைக் காத்தவரே. கல் உடைப்போரின் வெடியும், காண வருவோர் பாறையிற் கிறுக்கும் தம் பெயர்களும் இன்றைய இடர்கள்.

மதுரைக்கும் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சமணக் குடும்பங்கள் இம்மலைகளுள் ஒன்றிலேனும் ஏறித் தொழுது வருதல் நன்று. அச்சணந்தியின் பெயரையும் குணமதியாரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது, கல்லைக் காப்பதற்கு முதற்படியாகும்.