எழுத்துக்களை எண்ணிய அல்கிந்தி

எழுத்துக்கு இலக்கம் கொடுப்பது எமக்குப் புதிதல்ல. கடிதத்தின் தலைப்பில் 786 என்று எழுதும் பெரியவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்ஜத் முறையில் அலிஃபுக்கு 1, பாவுக்கு 2, லாமுக்கு 30, கைனுக்கு 1000. பிஸ்மில்லாஹ் முழுவதையும் இப்படிக் கூட்டினால் 786 வரும். அதை எழுதலாமா, கூடாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். எழுத்தையும் இலக்கத்தையும் இரண்டு விதமாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அறிஞரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அவர் அபூ யூசுப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. அரபுகளின் தத்துவஞானி என்று வரலாறு அவரை அழைக்கிறது. கி.பி. 801 அளவில் கூஃபாவில் பிறந்தார். கின்தா கோத்திரத்தைச் சேர்ந்தவர். தந்தை கூஃபாவின் ஆளுநர். பக்தாதில் கல்வி கற்று, கலீபா அல்மஃமூனின் காலத்தில் அறிஞர் வட்டத்துக்குள் வந்தார். அடுத்து ஆட்சிக்கு வந்த அல்முஃதஸிம் தன் மகனுக்கு ஆசிரியராக அவரையே அமர்த்தினார்.

கிரேக்க நூல்களை அரபிக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்கள் பலர் அவரைச் சுற்றி வேலை செய்தார்கள். உண்மை எந்தச் சமூகத்திடமிருந்து வந்தாலும் அதை ஏற்க வெட்கப்படக் கூடாது என்பது அவர் கொள்கை. இந்திய எண்களைப் பற்றியும் எழுதினார். இசை, ஒளி, மருத்துவம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை.

மறைமொழியில் எழுதப்பட்ட கடிதங்களை வாசிப்பது எப்படி என்று அவர் எழுதிய சிறுநூல் எஞ்சியவற்றில் ஒன்று. இஸ்தான்பூலின் சுலைமானிய்யா கையெழுத்துப் பிரதிகளிடையே கிடந்த அது 1987இல் அச்சில் வெளிவந்தது. அதன் வழி எளிமையானது. அதே மொழியில் உள்ள ஒரு சாதாரணப் பகுதியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும். மறைகடிதத்திலும் அப்படியே குறிகளை எண்ண வேண்டும். அங்கே அதிகம் வரும் குறிக்கு இங்கே அதிகம் வரும் எழுத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அவர் எண்ணிய எழுத்துக்கள் 3,667. அலிஃப் 600 தடவை, லாம் 437 தடவை. கடிதம் போதிய நீளமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு கைவிட்டுவிடும் என்றும் எச்சரித்தார். இந்த முறையை விளக்குவதில் இன்று கிடைக்கும் நூல்களில் மிகப் பழையது இதுவே.

அல்முதவக்கில் கலீபாவானபின் காலம் மாறியது. பனூ மூஸா சகோதரர்கள் அவரைப் பற்றிக் கோள் சொன்னார்கள். அவருக்கு அடி விழுந்தது. நூலகம் முழுவதும் பறிபோனது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரில் இருக்கும் எமக்கு அந்த வலியை விளக்கத் தேவையில்லை. பிறகு அந்தச் சகோதரர்களின் பொறுப்பில் வெட்டப்பட்ட கால்வாய் ஒன்றில் மட்டம் பிழைத்துவிட்டது. கலீபாவின் கோபத்திலிருந்து தப்ப அவர்கள் ஸனத் இப்னு அலீ என்ற அறிஞரை நாடினார்கள். அல்கிந்தியின் நூல்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் உதவுவேன் என்று அவர் நிபந்தனை விதித்தார். நூல்கள் திரும்பி வந்தன. இது இப்னு அபீ உஸைபிஆ பதிவுசெய்த வரலாறு.

இதே அல்கிந்திதான் இன்னொரு கணக்கும் போட்டார். குர்ஆன் அத்தியாயங்கள் சிலவற்றின் தொடக்கத்தில் வரும் தனியெழுத்துக்கள் 14. அவற்றின் அப்ஜத் இலக்கங்களைக் கூட்டினால் 693. அரபுகளின் ஆட்சி 693 ஆண்டுகள் நீடிக்கும் என்று அவர் எழுதினார். அவர் 873 அளவில் காலமானார். ஹிஜ்ரி 656இல், அதாவது 1258இல், ஹுலாகுவின் படை பக்தாதை அழித்தது. கணக்குச் சொன்ன காலத்துக்கு 37 ஆண்டுகள் முன்பே கிலாபத்தின் தலைநகரம் வீழ்ந்துவிட்டது.

ஒரே அறிஞர், அதே எழுத்துக்கள். ஒரு கணக்கு ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது, மற்றது நிற்கவில்லை. ஏன்? 600 என்பது அலிஃப் உண்மையில் வந்த தடவைகள். 30 என்பதோ லாமுக்கு மனிதர் வைத்த அடையாளம். அது எதையும் அளக்கவில்லை. பத்ர் என்றால் முழுநிலா, பர்த் என்றால் குளிர். இரண்டிலும் அதே மூன்று எழுத்துக்கள். இரண்டின் கூட்டுத்தொகையும் 206. நிலவா குளிரா என்று அந்த 206 சொல்லுமா?

இணுவிலில் உயர்தர மாணவர்களுக்கு நான் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு மாணவன் தமிழ்ப் பந்தி ஒன்றின் எழுத்துக்களை யுனிகோட் இலக்கங்களாக்கி, கணினியில் அவற்றுக்குப் பொருத்தமான நேர்கோடு வரைந்து கொண்டுவந்தான். கோடு மெல்ல மேலே ஏறியது. அதில் என்ன பொருள் இருக்கிறது என்று கேட்டான். யுனிகோடில் க 2965, ங 2969. இரண்டுக்கும் நடுவே 2967. அந்த இடத்தில் தமிழெழுத்து எதுவும் இல்லை. தேவநாகரி வரிசையைப் பின்பற்றி அமைத்த அட்டவணை என்பதால், தமிழில் இல்லாத எழுத்துக்களின் இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. எமது நெடுங்கணக்கில் கடைசியாக வரும் ன, அங்கே ந-வுக்குப் பக்கத்தில் 2985இல் இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டின் சரிவுக்கு மொழியில் பொருள் தேட முடியாது. அட்டவணையை மாற்றினால் கோடும் மாறிவிடும். 1805இல் லெஜாண்ட்ர் வெளியிட்ட இழிவு வர்க்க முறை எந்த இலக்கத்தைக் கொடுத்தாலும் ஒரு கோட்டைத் தந்துவிடும். அந்த இலக்கம் அளவா, அடையாளமா என்று அது கேட்காது. கேட்க வேண்டியவர்கள் நாம். அந்தப் பந்தியிலேயே எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி வரச் சொன்னேன்.

எண் அற்புதங்கள் என்று கைத்தொலைபேசிகளில் தினமும் செய்திகள் வருகின்றன. கூட்டல் சரியாக இருக்கிறதே என்று பலர் அப்படியே நம்பிப் பிறருக்கும் அனுப்புகிறார்கள். அந்த இலக்கம் எண்ணி எடுத்ததா, யாரோ வைத்த பெயரா என்று முதலில் கேட்க எமது பிள்ளைகளுக்குப் பழக்குவோம். அல்கிந்தியின் பெயரை மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். அவர் வென்ற இடத்தோடு தவறிய இடத்தையும் சேர்த்துப் படிப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.