எலும்பைத் தேடிப் போன குடும்பம்

1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில், ஹாலந்திலிருந்து கீழைத் தீவுகளுக்குப் புறப்பட்ட ஒரு கப்பலில் இருபத்தொன்பது வயது டாக்டர் ஒருவர் தம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஏறினார். மணமாகி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அப்போது டச்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த சுமத்ராவில் இராணுவ மருத்துவராக எட்டு ஆண்டு பணிபுரிய அவர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். பணம் சேர்க்கப் போகிறார் என்று துறைமுகத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவர் போனதோ ஒரே ஒரு எலும்பைத் தேடி! அந்த எலும்பு அங்கே இருக்கிறது என்பதற்கு யாதொரு சான்றும் அவர் கையில் இல்லை.

அவர்தாம் யூஜீன் டுபுவா. ‘ஜாவா மனிதன்’ என்ற பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்த நமக்கு, அதைக் கண்டெடுத்தவர் பெயர் ஒரு வரியாக நினைவிருக்கும். உடன் சென்ற மனைவியார் அன்னா லோயெங்கா அம்மையாரின் பெயர் அந்த ஒரு வரியிலும் இராது.

டுபுவா 1858-இல் ஹாலந்தின் தென்கோடியிலுள்ள எய்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருந்துக் கடை வைத்திருந்தவர். மகன் மருத்துவம் கற்று, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக உயர்ந்தார். இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் பேராசிரியர் பதவி தானே வந்து சேர்ந்திருக்கும். அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று போற்றும் மரபில் வந்த நம்மவர் கண்ணுக்கு, அதை அவர் உதறியது பித்துக்குளித்தனமாகவே படும். உடன் பணியாற்றிய டச்சுக்காரர்களுக்கும் அப்படித்தான் பட்டது.

உதறியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மனிதனுக்கும் குரங்கினத்துக்கும் இடையே நின்ற ஓர் உயிர் முன்பு வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹெக்கெல் எழுதி, காணாத அந்த உயிருக்குப் பிதெகாந்த்ரோபஸ் என்று பெயரும் சூட்டியிருந்தார். அதை எலும்பாகவே எடுத்துக் காட்ட வேண்டும் என்ற வேட்கை டுபுவாவைப் பற்றிக்கொண்டது. இது முதற்காரணம். மற்றது அவ்வளவு உயர்ந்ததன்று. தம் தலைவரான பேராசிரியர் ஃப்யூர்பிரிங்கர், தாம் உழைத்துக் கண்ட முடிவுகளின் புகழைத் தமதாக்கிக்கொள்வாரோ என்ற ஐயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இந்த ஐயம் அவரை ஆயுள் முழுதும் விடவில்லை.

கீழைத் தீவுகளுக்கு ஏன் போக வேண்டும்? மனிதக் குரங்குகள் வெப்ப நாடுகளில் வாழ்கின்றன. ஒராங்குட்டானும் கிப்பனும் சுமத்ராவில் உண்டு. நம் நாட்டுச் சிவாலிக் குன்றுகளில் மனிதக் குரங்கின் புதைபடிவம் முன்னரே கிடைத்திருந்தது. சுமத்ராவிலோ சுண்ணாம்புக் குகைகள் நிறைய. போதாக்குறைக்கு அது டச்சு ஆட்சிக்குட்பட்ட நாடு. இதுவே அவர் போட்ட கணக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டபோது அரசாங்கம் கையை விரித்துவிட்டது. ஆகவேதான் இராணுவ வேலை.

டிசம்பரில் பாடாங் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வேலை பகலையெல்லாம் விழுங்கியது. அடுத்த ஆண்டு, மலைநாட்டிலுள்ள பாயகும்பு என்ற ஊரின் சிறிய மருத்துவமனைக்கு மாற்றல் பெற்று, ஓய்வு நேரத்தில் கைப்பணத்தைச் செலவிட்டுக் குகைகளைத் தோண்டத் தொடங்கினார். 1889-இல் அரசாங்கம் மனமிரங்கி, அவரை மருத்துவப் பணியிலிருந்து விடுவித்து, மேற்பார்வைக்கு இரண்டு பொறியாளர்களையும் தோண்டுவதற்கு ஐம்பது கைதிகளையும் கொடுத்தது.

இந்த ஐம்பது பேரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் எதற்காகத் தோண்டினார்கள்? பழைய பல் ஒன்று கிடைத்தால் அவர்களுக்கு என்ன? காட்டு வழியில் குகைக்குக் குகை நடந்து, மலேரியாவில் விழுந்தார்கள், சிலர் தப்பியோடினார்கள். டுபுவாவும் காய்ச்சலில் அடிக்கடி படுத்தார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கணவர் எந்தக் குகையில் எப்படிக் கிடக்கிறாரோ என்று தெரியாமல் அன்னா அம்மையார் குடும்பம் நடத்தினார். தாய்வீடு கப்பலில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தொலைவில் இருந்தது.

சுமத்ராவில் கிடைத்தவை டுபுவாவுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் இக்காலத்தை ஒட்டிய விலங்குகளாகவே இருந்தன. ஆனால் அவர் வேண்டாமென ஒதுக்கிய அதே லீதா ஆயர் குகையின் பற்களை 2017-இல் மறுபடி ஆராய்ந்தபோது, நம்மைப் போன்ற மனிதர் 63,000 முதல் 73,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தனர் என்று தெரிந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்றால், கிடைத்ததை மதிக்கும் பொறுமை அவருக்கு இருந்ததில்லை.

இதற்கிடையில் ஜாவாவில் சலவைக்கல் தேடிய ஒருவர், 1888-இல் வாஜக் என்ற இடத்தில் பழைய மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தார். அதுவும் மலேரியாவும் சேர்ந்து 1890-இல் குடும்பத்தை ஜாவாவுக்குக் கொண்டுவந்தன. துலுங்காகுங் என்ற ஊரில் வீடு அமர்த்தினார்கள்.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜாவா மனிதனை மண்ணிலிருந்து எடுத்த கை டுபுவாவின் கையன்று. பெங்காவான் சோலோ என்ற பேராறு வளைந்து செல்லும் திரினில் என்னுமிடத்தில் அகழ்வு நடந்தது. அவர் வீட்டுக்கும் அதற்கும் சுமார் நூறு கிலோமீட்டர். அங்கே நின்று வேலை வாங்கியவர்கள் கிரீலே, டி விண்டர் என்ற இரு இராணுவத்தினர். மண்வெட்டி பிடித்தவர்கள் கைதிகள். மழைக் காலத்தில் ஆறு பெருகிக் குழிகளை மூடிவிடும். ஆகவே நீர் வடிந்த சில மாதங்களில்தான் தோண்ட முடியும். கிடைத்தவற்றைக் கட்டித் துலுங்காகுங்குக்கு அனுப்புவார்கள். டுபுவா அவ்வப்போது வந்து பார்ப்பார்.

1891 செப்டம்பரில் ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தது. அக்டோபரில் மண்டையோட்டின் மேல்மூடி வந்தது. தடித்த புருவ மேட்டோடு தாழ்ந்து கிடந்த நெற்றி. பெரியதொரு சிம்பன்ஸி என்றே முதலில் எண்ணினார். மறு ஆண்டு ஆகஸ்டில், பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி ஒரு தொடையெலும்பு அகப்பட்டது. அது நிமிர்ந்து நடந்த உயிரின் எலும்பு என்பதில் ஐயமில்லை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார். மூளைக்கூட்டின் கொள்ளளவு சுமார் 900 கன சென்டிமீட்டர் என்று கணக்கிட்டார். மனிதக் குரங்குக்கு அது மிகுதி, நமக்கோ குறைவு. ஹெக்கெல் வைத்த பெயரையே எடுத்து, ‘நிமிர்ந்து நடக்கும் குரங்கு மனிதன்’ என்று பொருள்படும்படி பிதெகாந்த்ரோபஸ் எரெக்டஸ் என்றழைத்து, 1894-இல் பத்தேவியாவில் நூல் வெளியிட்டார். இன்று அதை ஹோமோ எரெக்டஸ் என்கிறோம். மண்டையோடு நிலைத்துவிட்டது, ஆனால் தொடையெலும்பு பிற்கால மனிதனுடையது என்று இன்று பலர் கருதுகின்றனர். அவருடைய வாதத்துக்கு வலுவான தூணாக நின்றதே அந்தத் தொடையெலும்புதான்!

1895-இன் தொடக்கத்தில் அவர் நம் நாட்டுக்கும் வந்தார். சிவாலிக் புதைபடிவங்களோடு தம் எலும்புகளை ஒப்பிடக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குச் சென்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் வேடிக்கை பார்க்கப் போகும் அதே சௌரங்கிக் கட்டடம். பிறகு சிவாலிக் குன்றுகளையும் பார்த்துவிட்டு ஜாவாவுக்குத் திரும்பினார்.

அவ்வாண்டே குடும்பம் ஊர் திரும்பியது. சுமார் நானூறு பெட்டிப் புதைபடிவங்கள் ஹாலந்துக்குப் போயின. அந்த மண்டையோடும் பல்லும் தொடையெலும்பும் மட்டும் டுபுவாவின் கூடவே இருந்தன. நடுக்கடலில் கடும் புயல் அடித்ததாகவும், கப்பல் மூழ்கினால் குழந்தைகளை நீ பார்த்துக்கொள், பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவியாரிடம் அவர் சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. இதைச் சொல்பவர்கள் ஆராய்ச்சி ஆர்வத்துக்கு எடுத்துக்காட்டாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு ஆண்டு காய்ச்சல் நாட்டில் கூடவே அலைந்த ஒருவர், கையில் குழந்தைகளோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருப்பாரே என்றுதான் தோன்றுகிறது.

ஐரோப்பாவில் அவருக்கு வரவேற்பும் கிடைத்தது, வசையும் கிடைத்தது. செப்டம்பரில் லெய்டன் நகரில் விலங்கியல் மாநாடு கூடியபோது, ஜெர்மனியின் பெரும் புலவர் விர்ஹோ அது பெரிய கிப்பன் குரங்கு என்றார். ஆங்கிலேயர் பலர் மனிதன்தான் என்றனர். இரண்டுக்கும் நடுவானது என்று ஒப்புக்கொண்டவர் சிலரே. டுபுவா ஊர் ஊராக எலும்புகளைத் தூக்கிச் சென்று காட்டினார். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சிக்கு ஜாவா மனிதனின் முழு உருவச் சிலை ஒன்றைச் செய்தனுப்பினார். இதற்குள் ஸ்ட்ராஸ்பர்க் பேராசிரியர் ஷ்வால்பே அந்த எலும்பைப் பற்றித் தாமே ஒரு நீண்ட ஆராய்ச்சி வெளியிட்டுப் பெயர் வாங்கிவிட்டார். பழைய ஐயம் மீண்டும் தலைதூக்கியது. டுபுவா எலும்புகளைப் பூட்டி வைத்தார். வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில் புதைத்து வைத்தார் என்றுகூடச் சொல்வதுண்டு. இருபதாண்டுக்கு மேல் வேறெவரும் அவற்றைப் பார்க்க முடியவில்லை. அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்போர்ன் டச்சு விஞ்ஞானக் கழகத்துக்கு முறையிட்ட பிறகே, 1923-இல் பெட்டி திறந்தது.

தம் பெயரை ஆசிரியர் எடுத்துக்கொள்வாரோ என்று அஞ்சி வீட்டைவிட்டுப் போனவர் அவர். கிரீலே, டி விண்டர் பெயர்கள் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கைதிகளுக்குப் பெயரே கிடையாது.

திரினிலில் பின்னர் தோண்டியது ஒரு பெண்மணி. ஜெர்மனியைச் சேர்ந்த மார்கரெத்தே செலெங்கா, தம் கணவர் எமில் செலெங்காவோடு போர்னியோக் காடுகளில் ஒராங்குட்டான் ஆராய்ச்சி செய்தவர். கணவர் நோயுற்று ஊர் திரும்பியபோதும் தாம் தங்கி வேலையைத் தொடர்ந்தவர். கணவர் மறைந்தபின், 1907-08-இல் அகழ்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கித் திரினில் வந்தார். குரங்கு மனிதன் எலும்பு இன்னொன்று கிடைக்கவில்லை. ஆனாலும் மனைவியும் வேலை செய்த குடும்பம் ஒன்று அதே காலத்தில், அதே தீவுகளில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

டுபுவாவின் மணவாழ்வு ஊர் திரும்பியபின் கசந்தது. 1930-களில் வேறு அறிஞர்கள் ஜாவாவில் புதிய மண்டையோடுகளைக் கண்டெடுத்தபோது, அவை தம்முடையதைப் போன்றவையல்ல என்று சாதித்தார். தம் ஜாவா மனிதன் உலகில் ஒருவனாகவே இருக்க வேண்டும் அவருக்கு. 1940 டிசம்பர் 16-ஆம் நாள், நாடு ஜெர்மானியர் பிடியிலிருந்த வேளையில், எண்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

அவர் அனுப்பிய பெட்டிகள் அதன்பின்னும் பேசின. திரினிலில் எடுத்த சிப்பி ஒன்றின் மேல், ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் யாரோ மடக்கி மடக்கிக் கீறிய கோடுகள் இருப்பதை 2014-இல் அறிவித்தார்கள். நூறாண்டுக்கு மேல் அது லெய்டனில் பெட்டிக்குள் கிடந்தது. 2022-இல் இந்தோனேசியா அந்தத் தொகுப்பைத் திருப்பிக் கேட்டது. அந்தப் பொருள்கள் உள்ளூர் மக்கள் விருப்பத்துக்கு மாறாகவே எடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்றும், அவர்களுக்கு அவை வழிபாட்டு மதிப்பும் பண மதிப்பும் உடையவை என்றும் ஹாலந்தின் ஆய்வுக் குழு சொன்னது. 2025 செப்டம்பரில், 28,000-க்கு மேற்பட்ட அப்பொருள்கள் அனைத்தையும் இந்தோனேசியாவுக்கே திருப்பித் தர டச்சு அரசு இசைந்தது. அவற்றில் அந்த மண்டையோடும் ஒன்று.

திரினில் ஆற்றங்கரையில் டுபுவா காலத்துக் கல் ஒன்று நிற்கிறது. எலும்பு கிடைத்த இடம் 175 மீட்டர் அப்பால் என்று காட்டும் அம்புக்குறி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது.