அணுகுண்டு விஞ்ஞானி ஆடவைத்த டென்னிஸ்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அபிராமபுரத்தில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். டெலிவிஷன் முன்னால் பிள்ளைகள். கையில் பொத்தான் வைத்த பெட்டி. பொத்தானை அழுத்தியும் திரையில் பந்து நகராவிட்டால் பையனுக்கு அழுகை. வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டும் அப்பாவுக்கு வியர்வை.

இந்தத் தொல்லையை 1958-ம் ஆண்டிலேயே பட்டவர் ஒரு பெரிய விஞ்ஞானி. அவர் பெயர் வில்லியம் ஹிகின்பாதம். சென்னைவாசிகளுக்குப் பழகிய பெயர்தான். அண்ணா சாலையில் அதே பெயரில் பழைய புத்தகக் கடை இருக்கிறது. இவரோ அமெரிக்கர். 1910-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி பிறந்தவர்.

குண்டும் கவலையும்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அவர் ரேடார் திரைகளைச் செய்தார். எதிரி விமானம் அந்தத் திரையில் ஒளிப் புள்ளியாகத் தெரியும். பிறகு லாஸ் அலமாஸ் நகரில் அணுகுண்டு வேலையில் சேர்ந்தார். முதல் குண்டுக்கு வேண்டிய மின்னணுச் சாதனங்களை அவருடைய குழு செய்தது. 1945 ஜூலை 16-ந் தேதி அந்தக் குண்டு சோதிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன.

யுத்தம் முடிந்ததும், அணு ஆயுதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று விஞ்ஞானிகள் சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் ஹிகின்பாதம்.

ஒரே திரையில் மூன்று

1947-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அதைப் பார்க்க ஆண்டுதோறும் பொதுமக்கள் வருவார்கள். படங்களையும் அசையாத கருவிகளையும் பார்த்துச் சலித்துப் போவார்கள். அவர்கள் கையால் ஆட ஒரு விளையாட்டு வைத்தால் என்ன?

இரண்டு மணி நேரத்தில் டென்னிஸ் விளையாட்டுக்கு வரைபடம் போட்டார். ராபர்ட் டிவோராக் என்ற தொழில்நுட்பர் கம்பிகளை இணைத்தார். கோளாறுகளைத் தேடிப் பிடித்து ஓடவைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் பிடித்தது.

திரை 5 அங்குலம். அதில் ஓடுவது ஒரே ஒளிப் புள்ளி. ஆனால் தரை, வலை, பந்து மூன்றும் தெரிய வேண்டும்! அந்தப் புள்ளியை மூன்றுக்கும் மாற்றி மாற்றி அதிவேகமாக ஓடவிட்டார். தீபாவளி மத்தாப்பைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதல்லவா? அதேபோல் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.

ஆட்டக்காரருக்கு ஆளுக்கொரு பெட்டி. அதில் ஒரு குமிழ், ஒரு பொத்தான். குமிழைத் திருப்பினால் பந்து போகும் திசை மாறும். பந்து தன் பக்கம் வந்ததும் பொத்தானை அழுத்தினால் அடி தப்பாது.

நிறைவேறாத ஆசை

1958 அக்டோபரில் நூற்றுக்கணக்கானவர்கள் அதை ஆட வரிசையில் நின்றார்கள். மறு ஆண்டு பெரிய திரை வைத்தார். பிறகு கருவிகள் வேறு வேலைக்குத் தேவைப்பட்டதால் விளையாட்டைப் பிரித்துவிட்டார்கள். அவர் காப்புரிமை கேட்கவில்லை. வீட்டு டெலிவிஷனில் ஆடும் விளையாட்டுப் பெட்டி 1972-ல்தான் கடைக்கு வந்தது. அதற்கு வழி வகுத்தவர் ரால்ஃப் பேர் என்ற வேறொருவர்.

ஹிகின்பாதம் 1994 நவம்பர் 10-ந் தேதி, 84-வது வயதில் காலமானார். அணு ஆயுதம் பரவாமல் தடுக்கப் பாடுபட்டவர் என்றே உலகம் தம்மை நினைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உலகம் நினைவில் வைத்திருப்பதோ அந்த இரண்டு வார விளையாட்டைத்தான்!