குழலும் காவலும்: பிரான்சிஸ் ஓ'நீல்

ஒரு நாட்டின் இசை ஏட்டில் எழுதப்பெறாது மக்களின் செவியிலும் நினைவிலுமே வாழுமாயின், அதனை அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது அவரோடு சில இசைப்பாடங்களும் மறைகின்றன. அயர்லாந்து நாட்டு இசைக்கு நேரவிருந்த இவ்விழப்பைப் பேரளவில் தடுத்த பெருமகனார் பிரான்சிஸ் ஓ'நீல் ஆவார். இசைப் பேராசிரியராக அன்றி, அமெரிக்காவின் சிகாகோ நகரக் காவல்துறைத் தலைவராக விளங்கியவர் அவர். அவர் கையிலிருந்த கருவியோ மரக்குழல். அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கார்க் மாவட்டத்தில், பான்ட்ரி நகரை அடுத்த டிராலிபேன் என்னும் சிற்றூரில் 1848ஆம் ஆண்டு ஓ'நீல் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் எழுந்த கொடும் பஞ்சம் அந்நாட்டை வாட்டிய காலம் அது. பத்து இலட்சம் பேர் அளவில் மாண்டனர். அதே அளவினர் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினர். அவர்களோடு இசையும் சிதறியது. எனினும் ஓ'நீலின் தாயார் வழிக் குடும்பம் இசைவாணரைப் போற்றிய குடும்பம். தாயாரின் பாடல்கள் அவர் நெஞ்சில் இளமையிலேயே பதிந்தன. அண்டையில் வாழ்ந்த திமோத்தி டவுனிங் என்னும் நிலக்கிழார் அவருக்குக் குழல் பயிற்றினார்.

இக்குழலைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். நமது புல்லாங்குழலைப் போலவே பக்கவாட்டில் பிடித்து ஊதப்படுவது இது. ஆயின் மூங்கிலால் ஆகாது, கடினமான மரத்தைக் கடைந்து செய்யப்படுவது. விரல்கள் மூடும் துளைகள் ஆறு. 1847இல் ஜெர்மானியராகிய போயெம் புதிய இயந்திர அமைப்புடைய குழலை உருவாக்கினார். அரங்கக் கலைஞர்கள் காலப்போக்கில் அதனை மேற்கொள்ளவே, பழைய மரக்குழல்கள் குறைந்த விலைக்கு எளிய மக்களின் கைகளுக்கு வந்தன. பெரியோர் கைவிட்ட கருவி உழவர் வீட்டில் வாழ்வு பெற்றது எனலாம்.

பதினாறாம் வயதில் ஓ'நீல் வீட்டை நீங்கிக் கப்பல் ஊழியரானார். பசிபிக் மாகடலில் அவர் சென்ற கப்பல் உடைந்தது. மாலுமிகள் பேக்கர் தீவில் ஒதுங்கினர். அவர்களை மீட்ட கப்பலில் உணவு குறைவாகவே இருந்தது. அங்கே தீவினத்து மாலுமி ஒருவரிடம் குழல் ஒன்று இருந்தது. அதனை வாங்கி ஓ'நீல் வாசிக்க, மகிழ்ந்த அம்மாலுமி தம் உணவை அவரோடு பகிர்ந்துகொண்டார். மொழி அறியாத இருவரை இசை நண்பராக்கியது; பசியால் வாடிய இளைஞரின் உடலையும் அது தேற்றியது.

பின்னர் அவர் ஆட்டிடையராகவும் பள்ளி ஆசிரியராகவும் உழைத்து, 1873இல் சிகாகோ காவல்துறையில் சேர்ந்தார். சேர்ந்த சின்னாள்களிலேயே திருடன் ஒருவனால் சுடப்பட்டார். முதுகெலும்பருகே பாய்ந்த குண்டு இறுதிவரை அவர் உடலிலேயே தங்கிவிட்டது. நேர்மையும் கல்வியும் அவரைப் படிப்படியாக உயர்த்தின. 1901 முதல் 1905 வரை அந்நகரக் காவல்துறையின் தலைமைப் பொறுப்பை வகித்தார்.

சிகாகோ அயர்லாந்தின் பல மாவட்டத்தாரும் குடியேறிய நகரம். இசைவாணர் எங்கிருப்பினும் ஓ'நீல் தேடிச் சென்றார். அவருள் சிலருக்குக் காவல்துறையிலேயே பணி கிடைக்கச் செய்தார் என்பர். இசைக்குறி எழுதும் திறன் அவரிடம் போதிய அளவு இல்லை. அக்குறையை நிரப்பியவர் அதே துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓ'நீல். ஒருவர் நினைவிலிருந்து இசைத்துக் காட்ட, மற்றவர் எழுதினார். அதன் பயனாக 1850 இசைப்பாடங்கள் கொண்ட பெருந்தொகுப்பு 1903இல் வெளிவந்தது. 1001 நடன இசைகள் அடங்கிய தொகுப்பு 1907இல் வந்தது. இசைவாணரின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து 1913இல் மற்றொரு நூலையும் அளித்தார்.

இப்பணிகளுக்கு இடையே அவர் இல்லத்தில் துயர் சூழ்ந்திருந்தது. பத்து மக்களைப் பெற்ற அவர், தம் ஆண்மக்கள் அனைவரையும் தம் கண்முன்னே இழந்தார். 1904இல் இறுதி மகனும் மறைந்தபின் அவ்வீட்டில் இசை ஒலிப்பதே நின்றது. ஆயிரமாயிரம் இல்லங்களில் இசை நிலைக்க உழைத்தவர் தம் இல்லத்தின் அமைதியைத் தாங்கிக்கொண்டே எழுதினார் என்பதை எண்ணுங்கால் நம் உள்ளம் உருகுகின்றது.

தாம் தேடிய நூல்களை 1931இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்திற்கு வழங்கிய அவர், 1936இல் மறைந்தார். அவர் தொகுத்த நடன இசைநூல் இசைவாணர் நடுவே பல தலைமுறைகளாகக் கைந்நூலாய் விளங்கி வருகின்றது.

எழுத்து இசையின் உடலையே காக்கும். எங்கே மூச்சை எடுப்பது, எந்த ஒலியை விரலால் வெட்டி அழகூட்டுவது என்பனவற்றை ஏடு முழுதும் உணர்த்துவதில்லை. அவை இன்றும் வல்லாரிடம் செவிவழியே கற்கத்தக்கன. ஆதலின் ஏடும் வேண்டும், ஆசானும் வேண்டும். ஓய்வு வேளையில் தொடங்கிய ஒருவரது ஆர்வம் ஓர் இனத்தின் செல்வத்தைக் காத்தது. மாணவச் செல்வங்கள் இதனை உளங்கொண்டு, முதியோர் அறிந்தவற்றை அவர் வாழும்போதே கேட்டு எழுதி வைப்பாராக!