டான் கா கீ: நெருக்கடியில் நெஞ்சுரம்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலையில் டான் கா கீ என்ற பெயரில் ஒரு பெருவிரைவு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு காலத்தில் ரப்பர் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். பெருஞ்செல்வம் ஈட்டிய அவர், பின்னர் அதில் பெரும்பகுதியை இழந்தார். தம் வாழ்நாளில் மூன்று பெரும் வணிக நெருக்கடிகளை அவர் சந்தித்தார். நெருக்கடி வரும்போது அவமானம், அச்சம், ஆசை, பற்று ஆகிய உணர்ச்சிகள் எந்த வணிகரின் மனத்திலும் எழும். அவற்றை ஒரு தலைவர் எப்படிக் கையாள்கிறார் என்பதற்கு டான் கா கீயின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

டான் கா கீ 1874ஆம் ஆண்டு சீனாவின் பூஜியான் மாநிலத்தில் உள்ள ஜிமெய் என்னும் கடலோரக் கிராமத்தில் பிறந்தார். அவருடைய தந்தை சிங்கப்பூரில் அரிசி வணிகம் செய்துவந்தார். 1890ஆம் ஆண்டு, பதினாறு வயதில், டான் கா கீ சிங்கப்பூருக்கு வந்து தந்தையின் கடையில் வேலை பார்க்கத் தொடங்கினார். கணக்கு எழுதுவது, சரக்கு வாங்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாவற்றையும் அங்கேயே கற்றுக்கொண்டார். வணிகம் நன்றாகவே நடந்தது.

1900ஆம் ஆண்டு, மறைந்த தாயாரின் இறுதிக் கடமைகளை நிறைவேற்ற அவர் சொந்த ஊருக்குச் சென்றார். 1903ஆம் ஆண்டு திரும்பி வந்தபோது, கடை இருந்த நிலை அவரைத் திடுக்கிட வைத்தது. கணக்குகள் தாறுமாறாகக் கிடந்தன. குடும்பத்தில் சிலருடைய பொறுப்பற்ற செலவு வணிகத்தை உள்ளிருந்தே அரித்திருந்தது. கடன் 200,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. கடையைக் காப்பாற்ற வழியின்றி அடுத்த ஆண்டே மூட வேண்டியதாயிற்று.

அப்போது டான் கா கீக்கு வயது ஏறத்தாழ முப்பது. தந்தையின் கடனை மகன் அடைக்க வேண்டும் என்று அன்றைய சிங்கப்பூர்ச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்தக் கடன் தமக்குரியதன்று என்று ஒதுங்கியிருந்தால் யாரும் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்க முடியாது. ஆயினும், தந்தையின் கடனைத் தாமே அடைப்பதாக அவர் ஏற்றுக்கொண்டார். குடும்பப் பெயருக்கு ஏற்பட்ட அவமானம் அவரை உறுத்தியது. அதை எண்ணிப் புலம்புவதிலோ, கடையைச் சீரழித்தவர்கள்மீது கோபம் கொள்வதிலோ அவர் காலத்தைக் கழிக்கவில்லை. உடனே வேலையில் இறங்கினார்.

ஏறக்குறைய 7,000 வெள்ளி முதலீட்டில் அன்னாசிப்பழத்தைத் தகரக் குவளைகளில் அடைத்து விற்கும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். மற்ற ஆலைக்காரர்கள் பருவம் முடிந்த பிறகே இலாப நட்டம் பார்த்தார்கள். அவரோ அன்றன்றைய கணக்கை அன்றன்றே பார்த்தார். வாங்கிய பழம் எவ்வளவு, வீணானது எவ்வளவு, நிரப்பிய குவளைகள் எத்தனை என்பதை நாள்தோறும் கவனித்ததால், தவறுகளை உடனுக்குடன் திருத்த முடிந்தது. சில ஆண்டுகளிலேயே தொழில் தலைநிமிர்ந்தது. 1907ஆம் ஆண்டு கடன் கொடுத்தவர்களோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்து, ஏறத்தாழ 90,000 வெள்ளியைச் செலுத்திக் கடனைத் தீர்த்தார். சட்டம் கேட்காத கடனைத் தாமாக முன்வந்து அடைத்தவர் என்ற செய்தி வணிகர்களிடையே பரவியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர் என்னும் நற்பெயர் கிடைத்தது. எழுத்தைவிட நாணயத்தை நம்பிக் கொடுக்கல் வாங்கல் நடந்த அக்காலத்தில், அந்த நற்பெயரே அவருக்குப் பெரிய முதலீடாக அமைந்தது.

இதற்கிடையே 1906ஆம் ஆண்டு அவர் ரப்பர் விதைகளை வாங்கி, தம் அன்னாசித் தோட்டத்தில் செடிகளுக்கு இடையே நட்டிருந்தார். ரப்பர் மரம் பால் தருவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அன்னாசி கைகொடுத்தது.

இரண்டாவது நெருக்கடி 1914ஆம் ஆண்டு வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் சரக்குக் கப்பல்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டிய அன்னாசிக் குவளைகள் கிடங்குகளில் மலைபோல் குவிந்தன. அரிசி வணிகமும் முடங்கியது. கையில் பணமில்லை, தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட வேளையில் அச்சம் ஆட்கொள்வது இயல்பு. கிடைத்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்டு ஆலையை மூடிவிடலாம் என்றே பலருக்குத் தோன்றும். ஆனால், பதறாத காரியம் சிதறாது என்பதை டான் கா கீ தம் செயலில் காட்டினார். கப்பல் பற்றாக்குறைதான் சிக்கல் என்றால், கப்பல் வைத்திருப்பவருக்கு அதுவே வாய்ப்பு என்று அவர் கணித்தார். முதலில் கப்பல்களை வாடகைக்கு எடுத்துச் சரக்கு ஏற்றினார். பின்னர் இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கிப் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டார். 1918ஆம் ஆண்டு அவ்விரண்டும் போரில் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றுக்குக் காப்புறுதி எடுத்திருந்ததால் இழப்பீடு கிடைத்தது. அன்னாசி ஆலையையும் அவர் ரப்பர் ஆலையாக மாற்றினார். போர் முடிந்தபோது அவர் முன்பைவிடப் பெரிய செல்வராக இருந்தார்.

அதன்பின் அவருடைய தொழில் வேகமாக வளர்ந்தது. ரப்பரைப் பதப்படுத்தி விற்பதோடு நின்றுவிடாமல், காலணி, டயர், விளையாட்டுப் பொருள் எனப் பலவற்றையும் சிங்கப்பூரிலேயே தயாரித்தார். ஆசியாவின் பல நகரங்களில் அவருடைய விற்பனைக் கிளைகள் இருந்தன. 1925ஆம் ஆண்டளவில் அவருடைய சொத்து ஏறத்தாழ 12 மில்லியன் வெள்ளி எனக் கணக்கிடப்பட்டது. அவருடைய நிறுவனங்களில் 10,000 பேருக்கும் மேல் வேலை செய்தார்கள்.

இவ்வளவு செல்வம் இருந்தும் அவர் எளிமையாகவே வாழ்ந்தார். ஈட்டிய பணத்தைக் கல்விக்குச் செலவிட்டார். தாம் பிறந்த ஜிமெய் கிராமத்தில் பள்ளிகளைக் கட்டினார். 1919ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி தொடங்கப்படுவதற்கு முன்னின்று உழைத்தார். 1921ஆம் ஆண்டு பூஜியான் மாநிலத்தில் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அதற்கு 4 மில்லியன் யுவான் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கல்வியின்மீது கொண்ட இந்தப் பற்றுதான் பின்னர் அவரைக் கடுமையான சோதனைக்கு உள்ளாக்கியது.

1926ஆம் ஆண்டு முதல் ரப்பர் விலை சரியத் தொடங்கியது. விலை மீண்டும் உயரும் என்ற நம்பிக்கையில் டான் கா கீ கிளைகளையும் ஆலைகளையும் குறைக்காமல் நடத்தினார். முன்பு இரண்டு முறை நெருக்கடியிலிருந்து கரையேறியவருக்கு இம்முறையும் கரையேறிவிடலாம் என்ற துணிவு இருந்தது. அந்தத் துணிவே இப்போது அவருக்குப் பாதகமாயிற்று. வங்கிக் கடன் ஏறிக்கொண்டே போனது. விலை மலிந்த ஜப்பானியக் காலணிகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியதும் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குச் சென்றது. மலாயாவின் தோட்டங்கள் பல முடங்கின. தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் வேலையிழந்து தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

1931ஆம் ஆண்டு டான் கா கீயின் வங்கிக் கடன் ஏறத்தாழ 10 மில்லியன் வெள்ளியாக இருந்தது. கடன் கொடுத்த வங்கிகள் அவருடைய வணிகத்தை ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாற்றித் தங்கள் கண்காணிப்பில் கொண்டுவந்தன. அவர் சம்பளம் வாங்கும் நிர்வாக இயக்குநர் ஆனார். பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பணம் அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று வங்கிகள் வற்புறுத்தின. வணிகக் கணக்கின்படி பார்த்தால் அது நியாயமான கோரிக்கைதான். நட்டத்தில் ஓடும் நிறுவனம் நன்கொடை கொடுப்பதை எந்த வங்கியும் விரும்பாது. அந்த நிறுவனத்தை நம்பி ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களும் இருந்தன.

டான் கா கீ அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. பள்ளியின் கதவு ஒருமுறை மூடப்பட்டால் அதை மீண்டும் திறப்பது கடினம் என்பது அவருடைய எண்ணம். தம் குடும்பத்தின் பெரிய வீட்டையே விற்றுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்பினார் என்பது சிங்கப்பூர்ச் சீனர்கள் இன்றும் நினைவுகூரும் செய்தி. நிறுவனம் நிலைக்காது என்று தெரிந்ததும், ஆலைகள் சிலவற்றைத் தம் மருமகன் லீ கொங் சியான் போன்ற நம்பிக்கைக்குரியவர்களிடம் குத்தகைக்குக் கொடுத்தார். அவற்றில் வரும் இலாபத்தின் ஒரு பங்கு கல்விக்குச் செல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1934ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் கலைக்கப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்பு அத்துடன் முடிவுக்கு வந்தது.

அவருடைய முடிவு சரியானதா? தொழிலைக் காப்பாற்றியிருந்தால் பின்னர் இன்னும் பல பள்ளிகளைக் கட்டியிருக்கலாமே என்று வாதிடுவோர் உண்டு. பெருமந்தத்தின் வேகத்தில் அந்த நன்கொடையை நிறுத்தியிருந்தாலும் நிறுவனம் தப்பியிருக்காது என்று கூறுவோரும் உண்டு. இரு பக்கமும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. விலை உயரும் என்ற நம்பிக்கை அவரை ஏமாற்றியது. ஆனால், எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பதில் அவருக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. இளமையில் தந்தையின் கடனை ஏற்ற அதே மனம்தான், முதுமையை நெருங்கும் வயதில் பள்ளிகளுக்குக் கொடுத்த வாக்கையும் காத்தது.

1937ஆம் ஆண்டு சியாமென் பல்கலைக்கழகத்தை நடத்தும் பொறுப்பை அவர் சீன அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். பதிலுக்கு எதையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, போரால் துன்புற்ற சீன மக்களுக்கு உதவத் தென்கிழக்காசியச் சீனர்கள் ஒரு நிவாரண அமைப்பை உருவாக்கினார்கள். அதன் தலைவராக அவர்கள் தேர்ந்தெடுத்தது, நிறுவனத்தை இழந்திருந்த டான் கா கீயைத்தான். பணத்தை நம்பி ஒப்படைக்க அவரைவிடத் தகுந்தவர் இல்லை என்று மக்கள் கருதினார்கள்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவில் மறைந்து வாழ்ந்த அவர், போருக்குப்பின் சிங்கப்பூருக்குத் திரும்பினார். 1950ஆம் ஆண்டு சீனாவுக்குச் சென்று, 1961ஆம் ஆண்டு அங்கேயே காலமானார். அவரிடம் தொழில் கற்ற லீ கொங் சியானும் டான் லார்க் சையும் ரப்பர் தொழிலில் பெருஞ்செல்வர்களாக உயர்ந்தார்கள். கல்விக்கு வாரி வழங்கும் வழக்கத்தையும் அவர்கள் தொடர்ந்தார்கள். சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் உருவாக முன்னின்றவர் டான் லார்க் சை.

டான் கா கீயின் காலணி ஆலையும் கிளைகளும் இன்று இல்லை. அவர் காப்பாற்றிய சியாமென் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவர் தம் பெயரைச் சூட்டவில்லை.