நிலைகுலையா நெஞ்சர் வில்லியம் கேரி

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். மனிதனின் பற்றுறுதியைத் துன்பம் காட்டும். பகைவர் தரும் துன்பத்தினும் நண்பர் கூறும் பழி கொடிது. இவ்விரண்டையும் தாங்கி, இறைப்பற்றில் சிறிதும் தளராது வாழ்ந்த பெரியார் வில்லியம் கேரி ஆவார்.

இவர் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761 ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் செருப்புத் தைத்துப் பிழைத்தார். அத்தொழிலினிடையே பன்மொழிகளையும் கற்றார். கிறித்தவ சமயத் தொண்டாற்ற விழைந்து, 1793 இல் மனைவி மக்களுடன் வங்காளம் வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டே, ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று மாண்டான். மனைவி டாரதியின் மனமும் பேதலித்தது. 1807 இல் அவர் இறக்கும் வரை அந்நோய் தீரவில்லை. அடுத்த அறையில் மனைவி அலறிக்கொண்டிருக்க, கேரி கண்ணீரை அடக்கிக்கொண்டு மொழிபெயர்ப்புப் பணியைச் செய்துவந்தார். அவர் பெயர்த்த வங்காளப் புதிய ஏற்பாடு 1801 இல் செராம்பூர் அச்சகத்தில் அச்சாயிற்று. மார்ஷ்மன், வார்டு என்னும் இருவர் அங்கு அவருக்கு உற்ற துணைவராயினர்.

1812 மார்ச்சு 11 ஆம் நாள் இரவு அவ்வச்சகம் தீப்பற்றி எரிந்தது. தாளும், அச்செழுத்துகளும், பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. கல்கத்தாவிலிருந்து விரைந்து வந்த கேரி அழிவைக் கண்டு கலங்கினார். ஆயினும், இறைவனை நோகவில்லை. எழுத்து வார்ப்பதற்குரிய எஃகு அச்சுகள் எரியாது எஞ்சியிருந்தன. உருகிய ஈயத்தைத் தோண்டியெடுத்துப் புதிய எழுத்துகள் வார்த்தனர். அழிந்த நூல்களைக் கேரி மீண்டும் எழுதத் தொடங்கினார். இங்கிலாந்து நண்பர்கள் இழப்பை ஈடுசெய்யப் பொருள் திரட்டி அனுப்பினர்.

ஆனால், நாளடைவில் அந்நண்பர் கூட்டத்திலேயே ஐயம் முளைத்தது. கேரியை நன்கறிந்த புல்லர் 1815 இல் மறைந்தபின், சங்கத்தை நடத்தியவர்களும், புதிதாய் வந்த இளந்தொண்டர்களும் செராம்பூரார்மீது குறை கூறலாயினர். அவர்கள் ஆடம்பரமாய் வாழ்கின்றனர் என்றும், பொதுப்பொருளைத் தமதாக்கிக் கொள்கின்றனர் என்றும் பழித்தனர். உண்மையோ வேறு. வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி பெற்ற ஊதியம் மாதம் 1,000 ரூபாய். குடும்பத்திற்கு வேண்டிய சிறு பகுதி போக, எஞ்சியதனைத்தையும் தொண்டிற்கே ஈந்துவந்தார். பூசல் முற்றியதால் 1827 இல் செராம்பூரார் சங்கத்தினின்றும் பிரிய நேர்ந்தது. தீயினும் இப்பழி கேரியின் நெஞ்சை மிகச் சுட்டது. ஆயினும், அவர் தம் நம்பிக்கையையும் விடவில்லை, பணியையும் விடவில்லை. முதுமையிலும் வங்காள மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

1834 சூன் 9 ஆம் நாள் கேரி உயிர்நீத்தார். செராம்பூர்த் தொண்டகச் சொத்துகளில் தமக்கு எவ்வகை உரிமையும் இல்லை என்று இறுதி முறியில் எழுதிவைத்திருந்தார். மகன் ஒருவருக்கு 1,500 ரூபாய் அளிப்பதற்கும் தம் நூல்களை விற்குமாறு பணித்திருந்தார். பழி கூறியோர்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ? துன்பம் வந்துற்றபோதும், நட்டாரே பழித்தபோதும், கொண்ட பற்றினின்றும் வழுவாதிருத்தலே மேன்மக்கள் இயல்பு என்பதைக் கேரியின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.