கடைவீதியைக் கேட்ட முஹாஜிர்

புதிதாக வியாபாரம் தொடங்க நினைக்கும் நம்மவர்களில் பலர் முதலில் தேடுவது பணத்தைத்தான். வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போகிறது. மாமனாரிடம் கைமாற்று வாங்கியாகிறது. துஆ ஓதிக் கடையும் திறந்தாகிறது. அந்தத் தெருவில் அந்தச் சரக்கை வாங்குவார் உண்டா என்பதை ஆறு மாதம் கழித்தே யோசிக்கிறோம். கேட்டால் தவக்குல் என்கிறோம்! ஸஹாபாப் பெருமக்களில் ஒருவர் எப்படித் தொடங்கினார்கள் என்பதைப் பார்ப்போம்.

ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் குறைஷியரில் பனூ ஸுஹ்ரா கிளையினர். சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். கி.பி. 622-ல் ஹிஜ்ரத் செய்து மதீனா சேர்ந்தபோது, நபி (ஸல்) அவர்கள் இவர்களை ஸஃது இப்னு ரபீஉ (ரலி) என்ற அன்ஸாரித் தோழருக்குச் சகோதரராக்கி வைத்தார்கள். ஸஃது (ரலி) பெரும் செல்வர். தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அதற்கு மேலும் ஒரு தியாகத்துக்குச் சித்தமானார்கள். அதை இங்கே விரிப்பதற்கில்லை.

முதல் வீடு தேடி வந்தது. ஆனால் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள், பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, வியாபாரம் நடக்கும் கடைவீதி இங்கே உண்டா என்றுதான் விசாரித்தார்கள். பனூ கைனுகா கடைவீதியைச் சொன்னார்கள். மறுநாள் காலையே அங்கே சென்று, நெய்யும் பாலாடைக்கட்டியும் லாபமாகக் கொண்டு திரும்பினார்கள். ஒரு நாளோடு விடவில்லை, தொடர்ந்து போனார்கள். நெய்யும் கட்டியும் பெரிய சரக்கல்ல. ஆனால் வீட்டுக்கு வீடு வேண்டியவை, நாள்தோறும் விலைபோகிறவை. பெரிய முதலைக் கொண்டு தெரியாத ஊரில் இறங்குவதைவிடச் சிறிய சரக்கைக் கொண்டு ஊரை அறிவதே மேல் என்பது நம் கருத்து.

சில காலத்தில் மேனியில் மணப்பூச்சின் மஞ்சள் அடையாளத்தோடு நபி (ஸல்) அவர்கள் முன் வந்தார்கள். ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்திருந்தார்கள். மஹர், ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள்.

மக்காவில் விட்டு வந்த சொத்தையும் இவர்கள் மறந்துவிடவில்லை. அங்குள்ள தம் உடைமைகளை உமய்யா இப்னு கலஃப் பார்த்துக்கொள்வது, மதீனாவில் அவன் உடைமைகளை இவர்கள் பார்த்துக்கொள்வது என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்தார்கள். ரஹ்மானை அறியேன் என்று அவன் மறுத்ததால், தம் பழைய பெயராகிய அப்து அம்ரையே எழுதினார்கள். வாய்ப்பேச்சில் பங்காளிகளாகிப் பின்னர் ஜமாஅத்தில் வழக்குக்கு நிற்கும் நம் சகோதரர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் படிக்கட்டும்.

விசாரித்துச் செய்யும் இந்தக் குணம் வியாபாரத்தோடு நிற்கவில்லை. கி.பி. 644-ல் உமர் (ரலி) அவர்கள் நியமித்த அறுவரில் ஒருவராக இருந்து, தம் உரிமையை விட்டுக்கொடுத்து, இரவுகளில் உறக்கமின்றி மக்களின் கருத்தைக் கேட்டறிந்த பிறகே உஸ்மான் (ரலி) அவர்களுக்கு பைஅத் செய்தார்கள்.

செல்வம் பெருகியது. ஒரு நாள் நோன்பிருந்த அவர்கள் முன் உணவு வைக்கப்பட்டது. உஹதில் ஷஹீதான முஸ்அப் (ரலி) அவர்களுக்குத் தலையை மூடினால் கால் தெரியுமளவுக்கே கஃபன் துணி கிடைத்ததை நினைத்து, தம் நன்மைகளுக்குரிய கூலி இவ்வுலகிலேயே முந்திக் கொடுக்கப்பட்டுவிட்டதோ என அஞ்சி அழுது, உணவைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். ஹிஜ்ரி 32-ல் மதீனாவில் வஃபாத்தாகி, ஜன்னத்துல் பகீஃயில் அடங்கினார்கள்.